மச்சானுக்குத் தெரியாம ஒரு தரை

எனக்குக் கோபம் வந்தா அடுத்த தெரு வரைக்கும் கேக்கும்னு எங்க வீட்டுக்காரர் பாக்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. சுத்தப் பொய். எங்க தெருமுனை வரைக்கும்தான் கேக்கும். அந்த ஞாயித்துக்கிழமை காலையில வேணா கொஞ்சம் தாண்டிப் போயிருக்கலாம். ஏன்னா சாப்பாட்டு மேசையில ஒரு தட்டு வைக்க இடமில்ல. மேசை பூராத் தரை.

தரைன்னா தரைதான். துண்டு துண்டாத் தரை. கடைகடையா ஏறி இறங்கி சாம்பிள் வாங்கிட்டு வந்து பரப்பி வெச்சிருந்தாரு மனுஷன். கறுப்பு ரப்பர்ல ஒரு துண்டு, மேல காசு காசாப் புடைச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிற பிளாஸ்டிக் சதுரம். சொரசொரன்னு ஒரு டைல். அப்புறம் ஒரு சின்னப் பலகையில பூசின எபாக்ஸி. அது தரைக்குன்னே வர்ற கெட்டிப் பூச்சு. ரெண்டு டப்பாவைக் கலந்து ஊத்தி இழுத்து விட்டா இறுகிக் கல்லாயிடும். அதுல மூஞ்சி பாத்துத் தலை சீவிக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"இது நல்லாருக்கா, இல்ல இதா?" ரெண்டு துண்டைத் தூக்கிக் காட்டினாரு.

அவரு கண்ணாடிக் கடையில கண் பரிசோதனை பண்றவரு. ஒரு லென்ஸை மாட்டி, கழட்டி, இன்னொண்ணை மாட்டி, "இது தெளிவா இருக்கா, இல்ல இதா?"ன்னு நாள் பூராக் கேட்டுக் கேட்டு வீட்டுலயும் அதே பாட்டுதான். சட்டை எடுத்தாலும் அப்படித்தான், தக்காளி பொறுக்கினாலும் அப்படித்தான். நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி என் பக்கத்துல இன்னொருத்தியை நிக்க வெச்சு அவரு கேக்கல.

"மொதல்ல இதையெல்லாம் எடுங்க. பசி உயிர் போகுது," ன்னு கத்தினேன். "சமையக்கட்டுல டைல் பேந்து கிடக்கு, அதைக் கேக்க நாதியில்ல. கார் நிக்கிற எடத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?"

கத்தினேனே தவிர, அந்த ஆராய்ச்சி காருக்காக இல்லைன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அது எங்கண்ணனுக்காக.

எங்கண்ணன் பஸ் ஓட்டினவரு. தலை நரைக்கிற வரைக்கும் ஓட்டினாரு. ஒரு கோழிக்குஞ்சு மேல கூட ஏத்தினதில்லைன்னு அவரே சொல்லிக்குவாரு, யாரும் கேக்காமலே. லீவு நாள்னா விடிஞ்சதும் எங்க கார் ஷெட்டுக்கு வந்துடுவாரு. எங்ககிட்ட ஒரு பழைய கார் இருக்கு. ஓடினதை விட நின்னதுதான் ஜாஸ்தி. அதை அக்கு வேற ஆணி வேறாக் கழட்டறதும் மறுபடி மாட்டறதும்தான் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பொழுதுபோக்கு. மாட்டி முடிச்சப்புறம் ஒரு நட்டு மிச்சம் இருக்கும். அது எங்கே போகணும்னு சாயங்காலம் வரைக்கும் சண்டை போடுவாங்க. இருட்டினதும் ரெண்டு பேரும் கையெல்லாம் கரியோட வந்து சமையக்கட்டு வாசல்ல நின்னு, சின்னப் பசங்க மாதிரி, சாப்பிட என்ன இருக்குன்னு கேப்பாங்க.

போன வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்துச்சு. பொழச்சு எழுந்துட்டாரு. பேச்சு பழையபடி வந்துடுச்சு. பழையதுக்கு மேலயே வந்துடுச்சுன்னு அண்ணி சொல்வாங்க. ஆனா இடது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேக்கல. இழுத்து இழுத்துத்தான் நடக்கணும். அப்படியும் ஒரு ஞாயித்துக்கிழமை வந்தாரு. நாங்க காரைக் கழுவிக்கிட்டு இருந்தோம். எங்க ஷெட்டுத் தரை பழைய சிமெண்ட்டு. எந்தப் புண்ணியவான் எந்தக் காலத்துல அடிச்சானோ, மேல வழவழன்னு ஒரு பெயிண்ட்டு. அதுல சோப்புத் தண்ணி வேற. அண்ணன் உள்ள கால் வெச்சதுதான் தெரியும், மல்லாக்க விழுந்தாரு.

அடி ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா தெருவுல போனவங்கல்லாம் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினாங்க. அதுல ஒருத்தன், "பாத்து வரக்கூடாதா பெரியவரே? வயசான காலத்துல வீட்டுல இருக்க வேண்டியதுதானே" ன்னான். நல்ல எண்ணத்துலதான் சொன்னான். ஆனா நான் அண்ணன் முகத்தைப் பாத்தேன். அந்த முகத்தை நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல.

அதோட சரி. அண்ணன் எங்க வீட்டுப் பக்கமே வரல. போன் பண்ணிக் கூப்பிட்டா, "வேலை இருக்கு பாப்பா" ம்பாரு. ரிட்டயர் ஆன மனுஷனுக்கு என்ன வேலை? ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கிட்டு ரோட்டுல போற பஸ்ஸுக்கெல்லாம் மார்க் போடறதுதான் வேலை. இங்க எங்க வீட்டுக்காரரும் ஷெட்டு ஷட்டரைத் திறக்கறதையே விட்டுட்டாரு. ஞாயித்துக்கிழமையானா குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டையே சுத்திச் சுத்தி வருவாரு. பாக்கப் பாவமாவும் இருக்கும், எரிச்சலாவும் இருக்கும். கூடப் பொறந்தவ நானே தூங்கறேன், இவரு என் அண்ணனுக்காக உத்தரத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரேன்னு ஒரு பொறாமை கூட உண்டு.

அண்ணனை மறுபடி அந்த ஷெட்டுக்குள்ள கொண்டு வந்துடணும். எங்களுக்கு வேண்டியது அது ஒண்ணுதான்.

"வழுக்காத தரையாப் போடறோம், வாண்ணேன்னு நேரா சொல்லிட்டா என்ன?" ன்னு கேட்டேன்.

"சொல்லேன். உங்க கால் சரியில்ல மச்சான், அதனால நாங்க தரையையே மாத்தறோம்னு போய்ச் சொல்லு. ஜென்மத்துக்கும் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டாரு."

வாஸ்தவம்தான். பிடிச்சுக்கிட்டு நடக்கட்டும்னு அண்ணி குளியலறைச் சுவத்துல ஒரு கைப்பிடி வெச்சாங்க. அதுல இன்னி வரைக்கும் துண்டுதான் காயுது. டாக்டர் வாங்கச் சொன்ன கைத்தடியால ஒட்டடை அடிக்கறாரு. அவர்கிட்டப் போய் உனக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லிட முடியுமா?

அப்பத்தான் எங்க வீட்டுக்காரரு ஒரு திட்டம் போட்டாரு. அவரு திட்டம் போட்டாலே நான் மொதல்ல பர்ஸை எடுத்து ஒளிச்சு வெப்பேன். ஆனா கேக்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. தரை காருக்காக மாத்தறோம்னு சொல்றது. எதைப் போடலாம்னு மச்சான்கிட்டயே யோசனை கேக்கறது. வண்டி சம்பந்தமா யோசனை கேட்டா அவரு சும்மா இருக்க மாட்டாரு. அவரு தேர்ந்தெடுத்த தரைன்னா வந்து மிதிச்சுப் பாக்காமலும் இருக்க மாட்டாரு.

"எப்படியும் ரப்பரைத்தான் சொல்லுவாரு. பஸ்ஸுல படிக்கட்டு பூரா ரப்பர்தானே? வாழ்க்கை பூரா அது மேல ஏறி இறங்கினவரு," ன்னாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. ரெண்டு புத்திசாலிங்க சேந்து ஒரு பையில தரையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினோம்.

அண்ணன் ஜன்னலோரம்தான் இருந்தாரு. "பாரு பாப்பா, பிரேக்கை எப்படி மிதிக்கிறான் பாரு. உள்ள ஏத்தியிருக்கறது மனுஷங்களா மூட்டையா?" ன்னு ஒரு பஸ்ஸைத் திட்டிட்டுத்தான் எங்களை உக்காரச் சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு பையைப் பிரிச்சுக் கடை பரப்பினாரு. பரப்பினதுதான் தாமதம், அண்ணன் கண்ணுல பழைய வெளிச்சம் வந்துடுச்சு. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்தாரு. மோந்து பாத்தாரு, வளைச்சுப் பாத்தாரு, நகத்தால சுரண்டிப் பாத்தாரு.

முதல் அடி ரப்பருக்கே விழுந்துச்சு. "இது ஆகாது மாப்ள. எண்ணெய் பட்டாப் பட்டதுதான், கறை போகாது. அடியில தண்ணி போயிட்டா நாத்தம் தாங்காது."

எங்க வீட்டுக்காரரு என்னைப் பாத்தாரு. நான் சுவத்தைப் பாத்தேன்.

பிளாஸ்டிக் சதுரத்தை ரெண்டு கையாலயும் முறுக்கிப் பாத்துட்டு, "ஜாக்கி வெச்சுக் காரைத் தூக்கினா இது குழியாயிடும்" ன்னாரு. டைலை எடுத்து விரலால சுண்டினாரு. "ஒரு ஸ்பேனர் கை தவறி விழட்டும், ரெண்டு துண்டு." கடைசியா அந்த எபாக்ஸிப் பலகை. அதை எடுத்துச் சட்டையில தொடச்சு வெளிச்சத்துக்குக் காட்டினாரு. உள்ள அவரு மூஞ்சியே தெரிஞ்சுச்சு.

"இதான் மாப்ள. ராஜா தரை. இதைப் போடுங்க."

எங்க வீட்டுக்காரரு முகத்துல ஈயாடல. மென்னு முழுங்கி, "வழுக்குமே மச்சான்," ன்னாரு.

"காருக்கு எங்க வழுக்கும்? அது என்ன செருப்பு மாட்டிக்கிட்டு நடக்குதா?"

"இல்ல... தண்ணி கிண்ணி கொட்டினா..."

"கொட்டினாத் தொடைங்க. எண்ணெய் சொட்டினாலும் ஒரு துணி போதும். இவ்வளவு யோசிக்கிற விஷயமா இது?"

அவ்வளவுதான், முடிஞ்சுது கதை. காருக்காகன்னு சொல்லிட்டோம். அவரும் காருக்குன்னே பாத்துப் பாத்துச் சொல்லிட்டாரு. உலகத்துலயே அவரை விழத்தட்டப் போற தரை எதுவோ அதையே அவரு கையால எடுத்துக் கொடுத்திருக்காரு. அதைப் போட்டா அண்ணன் வர முடியாது. வேற போட்டா, "என் பேச்சுக்கு மதிப்பில்லாம எதுக்குக் கேட்டீங்க?" ன்னு அண்ணன் வரமாட்டாரு. வீடு வர்ற வரைக்கும் எங்க வீட்டுக்காரரைத் திட்டிக்கிட்டே வந்தேன். நானும் தலையாட்டினவதானேன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லல. அதுவே எனக்கு இன்னும் கோபமாப் போச்சு.

சரி, ஆறப் போடலாம், அண்ணனுக்கு மறந்துடும்னு நினைச்சோம். எங்கண்ணனாவது மறக்கறதாவது. அந்த வாரமே வாசல்ல ஒரு ஆள் வந்து நின்னாரு. கையில வாளி, தோள்ல சுருட்டின பிளாஸ்டிக் ஷீட்டு.

"தரை போடறவன்மா. அண்ணன் அனுப்பினாரு. எத்தனையோ வருஷம் அவரு பஸ்லதான் வேலைக்குப் போனேன். தங்கச்சி வீடு, சுத்தமாப் பண்ணிக் கொடுன்னு ஆர்டர்."

என்னன்னு சொல்லித் திருப்பி அனுப்பறது? ஷட்டரைத் திறந்து விட்டேன். அவரு குனிஞ்சு தரையைத் தட்டித் தட்டிப் பாத்தாரு. பிளாஸ்டிக் ஷீட்டை விரிச்சு நாலு ஓரமும் டேப் ஒட்டினாரு. அடியிலேர்ந்து ஈரம் ஏறினா ஷீட்டுக்குள்ள வேர்க்கும், அப்படி வேர்த்தா பூச்சு நிக்காதாம். மறுநாள் வந்து பிரிச்சாரு. உள்ள பொட்டு ஈரம் இல்ல. ஈரமாவது இருந்து நம்மளைக் காப்பாத்தும்னு நினைச்சேன், அதுவும் இல்ல.

"நாளைக்கு மெஷின் கொண்டு வந்து பழைய பெயிண்டைத் தேய்ச்சு எடுத்துடறேன்மா. அதுக்கப்புறம் ஊத்திடலாம்."

"ஏங்க, அது வழுக்குமா?"

"தண்ணி பட்டா வழுக்கத்தான் செய்யும். ஈரமா இருக்கறப்பவே மேல மணல் தூவினா வழுக்காது. தூவட்டுமான்னு அண்ணன்கிட்டக் கேட்டேன். வேண்டவே வேண்டாம், பளபளப்புப் போயிடும்னுட்டாரு."

எனக்கு எங்கேர்ந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ. மருந்துக்கடையில பில் போடற வேலை எனக்கு, அன்னிக்கு மத்தியான ஷிப்ட்டு. போகல. போன் பண்ணி வரலைன்னு கூட சொல்லல. நேரா அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். அண்ணி கதவைத் திறந்து, "என்னடி, மூச்சு வாங்குது?" ன்னு கேக்கறதுக்குள்ள அவங்களைத் தாண்டி உள்ள போயிட்டேன்.

"மணல் வேண்டாம்னியாமே?" ன்னு அண்ணன் முன்னாடி போய் நின்னேன்.

"ஆமா. எதுக்கு மணல்? ஷெட்டா, மைதானமா?"

"நீ விழுந்த எடம்ணே அது!"

சொல்லிட்டேன். வாயை விட்டு வந்துடுச்சு. அண்ணி சமையக்கட்டுலேர்ந்து எட்டிப் பாத்துட்டு அப்படியே உள்ள போயிட்டாங்க. ஆரம்பிச்சாச்சு, இனிமே எங்க நிறுத்தறது?

"காருக்காம் காரு! எந்தக் காரு? ஓடாத காருக்கு யாராவது தரை போடுவாங்களா? நீ வரணும்னுதான் அந்த மனுஷன் கடைகடையா அலைஞ்சாரு. உன்கிட்ட சொன்னா உனக்கு ரோஷம் வந்துடும்னு மூடி மறைச்சோம். நீ என்னடான்னா, மறுபடி விழறதுக்குன்னே ஒரு தரையை எடுத்துக் கொடுத்திருக்கே. எப்படி வருவேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா?"

அண்ணன் திருப்பிக் கத்துவாருன்னு நினைச்சேன். கத்தியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். அவரு மடியில வெச்சிருந்த கண்ணாடியைத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு.

"நான்தான் வரப்போறதில்லையே பாப்பா," ன்னாரு. "காராவது நல்லா இருக்கட்டும்னு நினைச்சேன்."

அவ்வளவு ஆசையா மோந்து பாத்து, வளைச்சுப் பாத்து, ராஜா தரைன்னு சொன்னாரே, அப்பவே தான் அதுல கால் வைக்கப் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டுத்தான் சொல்லியிருக்காரு. நான் அழுதேன். எனக்குச் சத்தமில்லாம அழத் தெரியாது. திட்டிக்கிட்டேதான் அழுவேன்.

"உனக்கு ஒரு கால்தாண்ணே போச்சு. எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமையே போச்சு. அவரு ஷட்டரைத் திறக்கறதில்ல. காரைத் தொடறதில்ல. நானும் எத்தனை நாளைக்குத்தான் அந்த உம்முனு இருக்கற மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கறது? கால் இழுத்தா இழுக்கட்டும். உன்னை நடந்து காட்டச் சொல்லியா கூப்பிடறோம்? நீ எங்களுக்கு வேணும், அதனாலதான் கூப்பிடறோம்."

ரோட்டுல ஒரு பஸ் போச்சு. கிறீச்சுன்னு பிரேக் போட்டான். அண்ணன் திரும்பிக் கூடப் பாக்கல. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் மெதுவா, "மாப்ள நிஜமாவே காரைத் தொடறதில்லையா?" ன்னு கேட்டாரு.

"பேட்டரி செத்துப் போச்சு."

"அட லூசுப் பயலே," ன்னாரு. எங்க வீட்டுக்காரரை அவரு அதுவரைக்கும் அப்படிச் சொன்னதே இல்ல. எனக்குக் கேக்க அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. "பேட்டரியைக் கழட்டி வெச்சிருக்க வேண்டாமா? இதைக் கூடவா நான் வந்து சொல்லணும்?"

"ஆமா. நீதான் வந்து சொல்லணும்."

அவரு தாடையைத் தடவினாரு. "தரைக்காரன்கிட்ட நாளைக்கு மெஷினோட உங்க வீட்டுக்குப் போக வேண்டாம்னு சொல்லு. மொதல்ல இங்க வரச் சொல்லு. மணல்ல எத்தனை ரகம் இருக்கோ அத்தனையும் பலகையில பூசிக்கிட்டு வரச் சொல்லு," ன்னாரு.

பலகையெல்லாம் காய்ஞ்சு வந்த அன்னிக்கு அண்ணன் வீட்டு முன்வாசல்ல ஒரு கூத்தே நடந்துச்சு. தரைக்காரரு ஆள் நிக்கிற அளவுக்குப் பெரிய பலகையா வரிசையாப் போட்டாரு. மணலே இல்லாதது ஒண்ணு, மாவு மாதிரி மணல் தூவினது ஒண்ணு, ரவை மாதிரி ஒண்ணு, கடைசியா உப்புக் கல்லு மாதிரி ஒண்ணு. அண்ணி எல்லாத்து மேலயும் சோப்புத் தண்ணியை ஊத்தினாங்க. எங்க வீட்டுக்காரரு ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டுப் பின்னாடியே நின்னாரு.

"கோழி பிடிக்கற மாதிரி நிக்காதீங்க மாப்ள. எனக்குச் சிரிப்பு வருது. தள்ளிப் போங்க."

மணல் இல்லாததுல செருப்பு நுனியை வெச்ச உடனே சறுக்கிக்கிட்டுப் போச்சு. ராஜா தரைக்கு அதோட விடை கொடுத்தாரு. அப்ப பெரிய மணல்தான் பத்திரம்னு நாங்க ரெண்டு பேரும் நினைச்சோம். அதுல ஏறி ரெண்டு எட்டு வெச்சாரு, வழுக்கல. ஆனா இழுக்கற கால் இல்லையா? செருப்பு நுனி சொரசொரப்புல மாட்டி, ஆள் முன்னாடி சாஞ்சிட்டாரு. எங்க வீட்டுக்காரரு தோளைக் கப்புனு பிடிச்சுக்கிட்டாரு. பிடிச்ச கையை அண்ணன் தட்டி விடல. தோள்ல கை இருந்தபடியே அடுத்த பலகைக்கு நடந்தாங்க ரெண்டு பேரும்.

மாவு மணலுக்கும் ரவை மணலுக்கும் நடுவுலதான் போட்டி. "இது நல்லாருக்கா மச்சான், இல்ல இதா?" "மறுபடி இது?" "இப்ப இது?" அண்ணன் ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி, "யோவ், இது கண்ணு இல்ல, காலு!" ன்னு கடைசியில ஒரு சத்தம் போட்டாரு. தரைக்காரரு வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ரவை மணல்தான் ஜெயிச்சுது. சறுக்கவும் இல்ல, கால் நுனியைப் பிடிச்சு இழுக்கவும் இல்ல. நிறம் வெளுத்த சாம்பல். எங்க வீட்டுக்காரருக்கு அதுல கலர் கலராப் பொட்டுத் தூவணும்னு ஆசை. "நட்டு கீழ விழுந்தா அந்தப் பொட்டுக்குள்ள யாரு தேடறது?" ன்னு அண்ணன் ஒரே போடாப் போட்டுட்டாரு.

தரை போட்டு முடிஞ்சுது. காயற வரைக்கும் ஒரு ஈ எறும்பை உள்ள விடல நாங்க. காய்ஞ்சப்புறம் வந்த ஞாயித்துக்கிழமை, எங்க வீட்டுக்காரரு விடியறதுக்கு முன்னாடியே ஷட்டரைத் தூக்கி விட்டு, புது பேட்டரியை மாட்டி, காத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. அண்ணன் வரல. போன் பண்ணினேன். "பாப்போம் பாப்பா," ன்னாரு. அடுத்த ஞாயிறும் வரல. எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தத் தரையைப் பேத்து அவரு வீட்டு வாசல்ல கொண்டு போய்க் கொட்டணும் போல இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு மட்டும், "விடு, அவரா வரட்டும். நச்சரிக்காதே," ன்னாரு. அவரு குரல்லயும் சுரத்தில்ல.

அதுக்கப்புறம் ஒரு சாதாரண நாள். வேலை நாள். மருந்துக்கடையிலேர்ந்து சாயங்காலம் வர்றேன், எங்க ஷட்டர் பாதி தூக்கியிருக்கு. எனக்குப் பகீர்னுச்சு. எங்க வீட்டுக்காரரு இன்னும் கண்ணாடிக் கடையிலதான் இருக்கணும். திருடனா இருந்தா ரெண்டு சாத்து சாத்தலாம்னு கையில இருந்த குடையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தேன்.

அண்ணன். தனியா. எப்பவோ கொடுத்த ஷட்டர் சாவி ஒண்ணு அவர்கிட்டயே இருந்ததை நாங்க ரெண்டு பேரும் மறந்தே போயிருந்தோம். கார் கழுவற குழாயைத் திறந்து தரை பூராத் தண்ணியை விட்டிருக்காரு. சோப்பையும் கரைச்சு ஊத்தியிருக்காரு, பாவி மனுஷன். அந்த நுரையில கார் பக்கத்துலேர்ந்து அலமாரிக்கு நடக்கறாரு. அலமாரியிலேர்ந்து காருக்கு நடக்கறாரு. எதையும் பிடிச்சுக்கல. இடது காலை இழுத்துக்கிட்டு, கீழயே பாத்துக்கிட்டு, என்னமோ முணுமுணுத்துக்கிட்டு நடக்கறாரு. நான் கூப்பிடல. மூச்சு கூட விடல. எனக்கு வாயை மூடிக்கிட்டு நிக்கத் தெரியும்னு அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது.

திரும்பறப்ப பாத்துட்டாரு. "எப்ப வந்தே?"

"இப்பத்தான்."

"பொய் சொல்லாதே." மூஞ்சியில ஒரு வெக்கம். "ஆளுங்க பாத்துக்கிட்டு நின்னா இந்தக் கால் இன்னும் மோசம் பண்ணுது பாப்பா. அதான் யாரும் இல்லாதப்ப வந்தேன். விழறதுன்னா தனியா விழுந்துக்கலாம்னு."

"விழுந்தியா?"

"இல்லையே," ன்னாரு. அவருக்கே அது ஆச்சரியமா இருந்துச்சு.

நான் உள்ள ஓடிப் போய்க் காபி போட்டேன். எங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, "உங்க மச்சான் ஷெட்டுல நிக்கறாரு," ன்னு மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் மனுஷன் மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. "இதோ வர்றேன்" ன்னு வெச்சுட்டாரு.

காபியை எடுத்துக்கிட்டு ஷெட்டுக்கு வந்தேன். அவசரத்துல டம்ளரை விளிம்பு வரைக்கும் ஊத்தியிருந்தேன். அண்ணன் கையில டம்ளரைக் கொடுக்கறப்ப பாதிக் காபி புதுத் தரையில கொட்டிடுச்சு. ஐயையோன்னு துணி எடுக்கத் திரும்பினேன்.

"இரு, தொடைக்காதே," ன்னாரு அண்ணன்.

கொட்டின காபி மேல இடது காலைக் கொண்டு போய் வெச்சாரு. உடம்பு கனம் பூரா அந்தக் கால்ல இறக்கினாரு. வலது காலை லேசாத் தரையிலேர்ந்து தூக்கினாரு. நான் கையை நீட்டல. அப்படியே நின்னு மிச்சம் இருந்த காபியைக் குடிச்சு முடிச்சாரு.